அலையும் உந்தமும் ஒரு கலியாணமும்

பெரியகல்லாறு
09.02.1997

அன்புத் தம்பி யோசேப்பு,

நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் மழைக்கு ஒரு கதை, வெயிலுக்கு ஒரு கதை சொல்கிறது. உன்னை ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று நம்புகிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதை மட்டும் நீதான் எழுத வேண்டும்.

எனக்கு ஒரு சோதனை வந்திருக்கிறது. எங்கள் பள்ளிக்கூடத்து விஞ்ஞான மாஸ்டர் கொழும்புக்குப் போனவர், அங்கிருந்து வெளிநாட்டுக்கே போய்விட்டார். அதிபர் என்னைக் கூப்பிட்டு, "மிஸ், உங்கட தம்பி விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்தானே, பதினோராம் வகுப்பை நீங்களே பாருங்களன்" என்றார். தம்பி படித்தால் அக்காவுக்கும் வந்துவிடும் என்று நினைக்கிற மனிசனிடம் என்ன பேசுவது? பத்து வருசமாக இங்கிலிஷ் வினைச்சொல்லோடு குடித்தனம் நடத்துகிறவள் நான். இப்போது அலையும் உந்தமும் படிப்பிக்க வேண்டுமாம்.

அலை சக்தியைக் கொண்டுபோகும், தண்ணீரைக் கொண்டுபோகாது என்று புத்தகத்தில் இருக்கிறது. கடற்கரையில் பிறந்தவள் நான். அலை வந்து என் செருப்பை இழுத்துக்கொண்டு போனதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். புத்தகம் பொய் சொல்கிறதா, கடல் பொய் சொல்கிறதா? வகுப்பில் ஒருவன் இதையே கேட்டான். இருமல் வந்ததுபோல் இருமிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

தயிர்ச்சட்டி கொண்டுவருகிற சாமித்தம்பி அண்ணனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். நடுவில் ஒரு ஆறு, அதில் ஆளையும் சைக்கிளையும் ஏற்றி அக்கரை சேர்க்கிற, பலகை போட்ட மிதவைப் பாதை ஒன்று. காலையில் வெளிக்கிட்டால் மத்தியானச் சோற்றுக்கு வரக்கூடிய தூரத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம். துறையில் ஆமிக்காரர் சென்றியில் பிரித்துப் படித்தால் அவர்களும் கொஞ்சம் விஞ்ஞானம் படிக்கட்டும்.

உன் அக்கா
மக்டலின்


வெல்லாவெளி
21.02.1997

அன்பின் அக்காவுக்கு,

நான் சுகம். சாப்பிடுகிறேன். வீட்டுக்கார அம்மா சீதேவிப்பிள்ளை சாப்பிடாமல் விடமாட்டார். அம்மாவின் முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசச் சொல்லுங்கள்.

கடலும் பொய் சொல்லவில்லை, புத்தகமும் பொய் சொல்லவில்லை. உங்கள் செருப்பை இழுத்தது கரையில் உடைந்த அலை. உடைந்தால் தண்ணீர் ஓடத்தான் செய்யும். ஆற்றுப் பக்கம் போய், வலைக்குக் கட்டிய மிதப்பைப் பாருங்கள். தோணி போகிறபோது எழும்புகிற அலை மிதப்பின் கீழால் போகும். மிதப்பு ஏறி இறங்கிவிட்டு, நின்ற இடத்திலேயே நிற்கும். வகுப்பில் காட்டுவதென்றால் கொடிக்கயிற்றை அவிழ்த்து, ஒரு முனையை யன்னல் கம்பியில் கட்டுங்கள். மற்ற முனையை ஒருக்கா உதறுங்கள். ஒரு மேடு ஓடிப்போய் யன்னலை அடிக்கும். கயிறு உங்கள் கையிலேதான் இருக்கும். போனது உங்கள் கையின் உதறல் மட்டும்.

இனி என் கேடு. எங்கள் இங்கிலிஷ் ரீச்சர் நத்தார் விடுமுறைக்குப் போனவர் திரும்பவில்லை. உங்கள் அதிபரும் எங்கள் அதிபரும் ஒரே பள்ளியில் படித்திருக்க வேண்டும். "உங்கட அக்கா இங்கிலிஷ் மிஸ்தானே" என்றார். இப்போது நான்தான் இங்கிலிஷ் மாஸ்டர்.

நமக்குக் கேட்பது என்று ஒரே சொல். காதால் கேட்பதும் அதுதான், கடையில் சீனி கேட்பதும் அதுதான். நல்லரத்தினம் என்கிற பிள்ளை எழுதியிருக்கிறான்: "ஐ ஹேர்ட் மை ஃபாதர் ஃபோர் எ பென்சில்." சிரித்துவிட்டு, எப்படித் திருத்துவது என்று தெரியாமல் சிவப்புப் பேனையை மூடிவைத்துவிட்டேன். நீங்கள் எனக்கு வினைச்சொல் அனுப்புங்கள். நான் உங்களுக்கு உந்தம் அனுப்புகிறேன். பண்டமாற்று.

தம்பி
யோசேப்பு


பெரியகல்லாறு
05.03.1997

அன்புத் தம்பி,

நாங்கள் சுகம். நல்லெண்ணெய் பூசியாயிற்று. அம்மாவின் முழங்கால் இப்போது உன்னைப் புகழ்கிறது.

கொடிக்கயிறு வகுப்பையே வென்றுவிட்டது. மணி அடித்த பிறகும் பிள்ளைகள் உதறிக்கொண்டு நின்றார்கள். அதிபர் வந்து பார்த்துவிட்டு, "நான் சொன்னன்தானே" என்றார்.

உன் பிள்ளைகளுக்கு மூன்று சொல்லையும் மூன்று பெட்டியில் போட்டுக் கொடு. ஆஸ்க் என்றால் வாய் திறக்க வேண்டும். ஹியர் என்றால் நீ சும்மா இருந்தாலும் காதில் விழும், நாய் குரைப்பதுபோல. லிஸின் என்றால் நீயாகக் காது கொடுக்க வேண்டும். ஆளுக்கு ஒரு வசனம் சத்தமாக வாசிக்கவிட்டு, நீ கேட்டுத் திருத்து. இங்கிலிஷ் கண்ணால் வராது, காதால்தான் வரும்.

இனி, உட்கார்ந்து வாசி. எனக்குக் கலியாணம் பேசி முடிந்துவிட்டது. பெயர் பேர்னாட். ஓவசியர் வேலை. நாற்பதை எட்டுகிறார், எனக்கும் ஒன்றும் பதினெட்டு இல்லை. நிறையப் பேசமாட்டார். அம்மா கொடுத்த தேத்தண்ணியில் சீனி போட மறந்ததைக்கூடச் சொல்லாமல் குடித்தார். அதிலேயே எனக்குப் பிடித்துவிட்டது. ஆவணி மாதம் எங்கள் கோயிலில்தான் நடக்கும்.

அப்பா இல்லை. என்னைக் கையைப் பிடித்துப் பீடத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டியவன் நீ. இதில் கேள்வியே இல்லை. இப்போதே லீவுக்கு எழுதிவை.

அக்கா
மக்டலின்


வெல்லாவெளி
27.04.1997

அன்பின் அக்காவுக்கு,

சுகம். கடிதம் பிந்தியதற்கு மன்னியுங்கள். பங்குனி நடுவில் பள்ளிக்கூட வளவுக்குள் ஒரு ஷெல் விழுந்தது. பிள்ளைகள் பங்கருக்குள் இறங்கிவிட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. எனக்கும் ஒன்றுமில்லை. கூரை கொஞ்சம் போய்விட்டது. ஓலை போட்டு மூடியிருக்கிறோம்.

கலியாணச் செய்தி கேட்டு மிச்சம் சந்தோசம். சீனியில்லாத் தேத்தண்ணி குடித்தவரை நானும் பார்க்க வேண்டும்.

உந்தம். திணிவையும் வேகத்தையும் பெருக்கினால் உந்தம். சாமித்தம்பி அண்ணனின் சைக்கிளை நினையுங்கள். வெறும் சைக்கிளில் வருகிறபோது காலை ஊன்றினால் நிற்கும். தயிர்ச்சட்டி அடுக்கிக்கொண்டு அதே வேகத்தில் வந்தால், துறையிலே நிற்க வேண்டியவர் தண்ணீருக்குள்தான் நிற்பார். தோணியிலிருந்து கரைக்குப் பாய்கிறபோது தோணி பின்னால் போகிறதே, அதுவும் இதுதான். நீங்கள் முன்னால் கொண்டுபோன அளவு உந்தத்தைத் தோணி பின்னால் கொண்டுபோகிறது.

இங்கிலிஷ் எல்லாவற்றையும் எழுதச் செய்கிறேன். வாசிக்க விடுவதில்லை. எழுத்தில் பிழை பிடிப்பது எனக்கு இலகு.

ஆவணிக்கு இன்னும் நாள் இருக்கிறதுதானே.

தம்பி
யோசேப்பு


பெரியகல்லாறு
10.05.1997

அன்புத் தம்பி,

உன் கடிதம் வரும்வரை நாங்கள் சுகமாக இருக்கவில்லை. ஷெல் விழுந்த கதை அடுத்த நாளே இங்கு வந்துவிட்டது. ஆறு கிழமை அம்மா வாசலில் இருந்தார். நீ ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று ஒரே பந்தியில் எழுதிவிட்டு உந்தத்துக்குப் போய்விட்டாய். எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. உயிரோடு இருக்கிறாயே என்றுதான் இதோடு விடுகிறேன்.

தோணிக் கதை பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடித்தது. செய்து பார்க்கப்போய் இரண்டு பேர் நனைந்தார்கள். அதற்கு வந்த பெற்றாரை உன்னிடம் அனுப்பவில்லை, அதற்காக நீ நன்றி சொல்ல வேண்டும்.

எழுதச் செய்கிறாயாம். சோம்பேறி. உனக்காக ஒரு கசெற் பதிந்து அனுப்புகிறேன். ஒரு பக்கம் முழுக்க வினைச்சொற்களை நான் வாசித்திருக்கிறேன், பிள்ளைகள் கேட்டுத் திருப்பிச் சொல்லட்டும். மற்றப் பக்கத்தில் அம்மா உன்னோடு பேசுவார். சென்றியில் பற்றரி கொண்டுவர விடமாட்டார்கள் என்று தெரியும். அங்கே சைக்கிள் டைனமோவில் பாட்டுக் கேட்கிறார்களாமே, அப்படிக் கேள்.

ஓகஸ்ட் 23 சனிக்கிழமை என்று பங்குச் சுவாமி நாள் குறித்துவிட்டார். நாள் இருக்கிறதுதானே என்று எழுதாதே. வாறன் என்று எழுது.

அக்கா
மக்டலின்


வெல்லாவெளி
01.06.1997

அன்பின் அக்காவுக்கு,

நான் சுகம். எல்லாருடைய சுகத்துக்கும் மன்றாடுகிறேன்.

கசெற் பத்திரமாக வந்தது. நல்லரத்தினம் சைக்கிளை மிதிக்க, வகுப்பே உங்கள் வினைச்சொல்லைத் திருப்பிச் சொன்னது. உங்கள் உச்சரிப்பு நல்ல தெளிவு என்று எல்லாரும் சொல்கிறார்கள். மற்றப் பக்கத்தை வீட்டில் தனியாகப் போட்டுக் கேட்டேன். அம்மாவின் குரலைக் கேட்டது மனதுக்கு ஆறுதல். அவருக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் வகுப்பு ஒலிப் பாடத்துக்கு வந்திருக்கும். ஒலியும் அலைதான். கயிற்று மேடுபோல் மேலும் கீழும் போகாது, நெருங்கியும் விலகியும் காற்றுக்குள்ளால் போகும். தண்ணீருக்குள்ளால் இன்னும் வேகமாகப் போகும். அலை வருவது ஒன்று, அதை வாங்குவது இன்னொன்று. இரண்டாவதைப் பற்றிப் புத்தகத்தில் அதிகம் இல்லை.

ஆவணியில் மேலதிக வகுப்பு வைக்க வேண்டியிருக்கிறது. மார்கழியில் பிள்ளைகள் அரசாங்கச் சோதனை எழுத வேண்டும். லீவு கிடைக்குமோ தெரியாது. மாமா ஒருவரைக் கேட்டு வைத்தால் நல்லது.

தம்பி
யோசேப்பு


பெரியகல்லாறு
15.06.1997

யோசேப்பு,

அம்மா சுகம். நான் சுகமில்லை.

நீ எழுதிய கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. ஏனென்றால் கசெற்றின் மற்றப் பக்கத்தில் அம்மா பேசவேயில்லை. மைக்கைக் கண்டதும் வெட்கப்பட்டுக் குசினிக்குள் போய்விட்டார். பேசியது பேர்னாட். வாய் திறக்காத மனிசன், உனக்காக ஒரு பக்கம் முழுக்கப் பேசினார். தன் வீடு வாசல், தன் அப்பா, என்னை எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று எல்லாம் சொன்னார். கடைசியில், "தம்பி வந்து கையைப் பிடிச்சுத் தந்தால்தான் எனக்கு மனசு நிறையும்" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன்.

நீ அதைப் போடக்கூட இல்லை. போட்டுக் கேட்டதாகப் பொய் எழுதியிருக்கிறாய். அவர் வந்து, "தம்பி என்ன எழுதினார்" என்று கேட்டார். அவருக்கு நான் என்ன சொல்ல?

மாமாவைக் கேட்கமாட்டேன். மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு போக எனக்கு மாமா தகப்பனும் இல்லை, தம்பியும் இல்லை. நீ வராவிட்டால் தனியாக நடந்து போவேன். ஊர் பார்க்கட்டும். பிறகு எனக்கு ஒரு தம்பி இருக்கிறான் என்று நானும் யாரிடமும் சொல்லமாட்டேன்.

மக்டலின்


வெல்லாவெளி
06.07.1997

அன்பின் அக்காவுக்கு,

சுகம். உங்கள் கோபம் நியாயம்.

வாறன். வருகிற 19ஆம் திகதி சனிக்கிழமை காலைப் பாதையில் ஏறுகிறேன். அப்படியே கலியாணம் முடியும்வரை நிற்கிறேன். அதிபரிடம் சொல்லிவிட்டேன். அத்தானிடம் என்னை மன்னிக்கச் சொல்லுங்கள், மிச்சத்தை நேரில் சொல்கிறேன்.

அப்பாவின் வெள்ளைக் கோட்டை வெயிலில் போடுங்கள். எனக்கு அளவாக இருக்கும்.

தம்பி
யோசேப்பு


வெல்லாவெளி
07.07.1997

மகள் மக்டலினுக்கு,

என்ட பேர் சீதேவிப்பிள்ளை. உங்கட தம்பி இரிக்கிற வீட்டுக்காரி. எனக்கு எழுத்து அவ்வளவா வராது. நீங்க இங்கிலிஷ் படிச்ச புள்ள, பிழை கண்டால் பொறுத்துக்கங்க. அம்மாவும் நீங்களும் சுகமா இரிக்கணும்.

மாஸ்டர் உங்களுக்குக் கடிதம் குடுத்துவிட்டுட்டாரு. சாமித்தம்பியை மறிச்சுவெச்சு இதையும் கூடவே குடுத்துவிர்றன். ஒளிக்காமச் சொல்றன் மகள். மாஸ்டருக்குக் காது கேக்காது. ஷெல் விழுந்த அண்டைக்குக் கடைசிப் புள்ளையைப் பங்கருக்குள்ள தள்ளிப்போட்டு, தான் வெளிய நிண்டுட்டாரு. ரெண்டு காதாலயும் ரத்தம் வந்த. இப்ப இடி இடிச்சாலும் தெரியாது.

உங்களுக்குச் சொல்லக்கூடாதெண்டு என்னட்டச் சத்தியம் வாங்கின. கலியாண வீடு குழம்பிப்போகுமாம். கல்விக் கந்தோருக்குத் தெரிஞ்சால் வேலையால நிப்பாட்டிருவாங்களாம், பொறகு இந்தப் புள்ளைகளுக்கு ஆரு படிப்பிக்கிற எண்டாரு. புள்ளைகள் ஒண்டும் வெளிய விடல்ல. கடைசி வரிசை வாங்கில இருந்து மாஸ்டர்ர மேசைக்குக் கயிறு கட்டி வெச்சிரிக்குதுகள். ஆருக்கும் கேள்வி இரிந்தால் ஒருக்கா உதறுங்கள். அவரு மேசையில கை வெச்சபடிதான் படிப்பிப்பாரு. ஹெலி வந்தால் விடாம உதறுங்கள், எல்லாரும் பங்கருக்குப் போவாங்க. அந்தக் கசெற்றையும் ராவு என்ட மேசையில ஓடவிட்டு, பாட்டுப் பெட்டிக்கு மேல கையை வெச்சுக்கொண்டு இரிந்தாரு. என்ன சொல்லுது எண்டு என்னட்டக் கேக்கவுமில்ல. மாப்பிள்ளை பேசினதக் கேட்டுட்டும் நான் சும்மா இரிந்திட்டன், அது என்ட புத்தி கெட்ட வேலை.

இப்ப வாற 19ஆம் திகதி துறைக்கு வெளிக்கிடத்தான் நிக்காரு. பாதையால இறங்கினால் சென்றிக்காரன் முதுகுக்குப் பின்னால நிண்டு நில் எண்டு கத்துவான். நிக்காட்டி வெடிதான். போன வருசம் எங்கட ஊர்க் கிழவன் ஒராள், காது மந்தம், கேக்காம நடந்து போனவன். பாயிலதான் கொண்டுவந்தாங்க. நான் கூடப் போகவும் ஏலாது, ஆம்பிளை ஒரு வரிசை, பொம்பிளை ஒரு வரிசை. ஷெல்லில காது போன ஆம்பிளை எண்டு வாயால சொன்னாலும், நீ எங்க நிண்டு சண்டை புடிச்ச எண்டு கொண்டுபோயிருவாங்க.

அக்கா கோவிச்சிட்டா, போகத்தான் வேணும் எண்டு நிக்காரு. நான் சொல்றது அவருக்குக் கேக்காது. எழுதிக் காட்டினால் கடுதாசியைத் திருப்பி வெச்சிர்றாரு. நீங்க சொன்னால்தான் நிப்பாரு. கெதியாச் சொல்லுங்க மகள்.

சீதேவிப்பிள்ளை


பெரியகல்லாறு
08.07.1997

என் தம்பி,

வராதே. இதை வாசித்து முடிக்கும் முன்னமே சொல்லிவிடுகிறேன். பாதையில் ஏறாதே. துறைப் பக்கமே போகாதே. சாமித்தம்பி அண்ணன் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் இந்தக் கடிதத்துக்காக வாசலில் நிற்கிறார். உன் கையில்தான் கொடுப்பேன் என்று சத்தியம் செய்திருக்கிறார்.

சீதேவிப்பிள்ளை அம்மா எழுதிவிட்டார். அவரைக் கோபிக்காதே. கோபிப்பதென்றால் என்னைக் கோபி. சத்தமாக வாசிக்க விடு, கேட்டுத் திருத்து, சோம்பேறி என்றெல்லாம் எழுதினேனே. உன்னைத் துப்பாக்கிக்கு முன்னால் நடந்து வா என்று கூப்பிட்டிருக்கிறேன். இரவு முழுக்க அம்மாவும் நானும் நித்திரை கொள்ளவில்லை. நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்கமாட்டேன். இல்லை, கேட்பேன். ஏன் சொல்லவில்லை? காது போனால் அக்காவும் போய்விடுவாளா?

விடிய பேர்னாட் வந்தார். இரண்டு கடிதத்தையும் அவர் கையில் கொடுத்தேன். வாசித்துவிட்டு மடித்துத் திருப்பித் தந்தார். பிறகு, "அவர் இஞ்ச வர ஏலாது, நாங்க அங்க போக ஏலும்தானே" என்றார். அவ்வளவுதான். எழும்பிச் சுவாமியிடம் போய்விட்டார்.

பொம்பிளை ஆறு கடந்து போய்த் தாலி கட்டுகிறதா என்று மாமி வந்து வாசலில் நின்றார். இந்தப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், அது எனக்கும் தெரியும். அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பி, "என்ட மகன் இரிக்கிற இடம்தான் என்ட மகள்ர வீடு" என்றார். மாமி போய்விட்டார்.

உங்கள் ஊர் ஓலைக் கோயிலில், அதே 23ஆம் திகதி. நாங்கள் ஐந்து பேர்தான் வருவோம். வெளியில் சுவாமிக்கும் சாமித்தம்பி அண்ணனுக்கும் மட்டும்தான் உன் விசயம் தெரியும். சோதனை முடியும்வரை கந்தோருக்குத் தெரியவராது. மார்கழிக்குப் பிறகு சுவாமி ஆயர் இல்லத்துக் கடிதத்தோடு தானே கூட இருந்து உன்னை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுவருவாராம்.

கோட்டைக் கொண்டுவருகிறேன். நீ அசையாமல் இரு.

அக்கா
மக்டலின்


வெல்லாவெளி
26.08.1997

அன்பின் அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நான் சுகம். நீங்கள் எல்லாரும் பத்திரமாகக் கரை சேர்ந்ததைச் சாமித்தம்பி அண்ணன் கையைக் காட்டிச் சொன்னார். அம்மாவுக்குப் பாதையில் தலை சுற்றியதாம், இப்போது எப்படி என்று எழுதுங்கள்.

கமெராவின் பற்றரியைச் சென்றியில் கழற்றி வைத்துக்கொண்டதால் ஒரு படமும் இல்லையே என்று அன்றைக்கு அழுதீர்கள். அதனால் நான் கண்டதை எழுதி அனுப்புகிறேன்.

உங்கள் சேலை விளிம்பில் ஆற்றுச் சேறு இருந்தது. அம்மா குனிந்து துடைக்கப் போனார், நீங்கள் விடவில்லை. சீதேவிப்பிள்ளை அம்மா நெற்றி நிறைய விபூதியோடு முன் வாங்கில் இருந்து, எல்லாரும் முழந்தாளிடுகிறபோது பிந்தி முழந்தாளிட்டார், எல்லாரும் எழும்புகிறபோது பிந்தி எழும்பினார். என் பிள்ளைகள் சுவர் ஓரமாக நின்று பாடினார்கள். வாய் எல்லாம் ஒன்றாகத் திறந்து ஒன்றாக மூடியது, ஆகவே நன்றாகத்தான் பாடியிருப்பார்கள். நல்லரத்தினத்தின் வாய் மட்டும் கொஞ்சம் பிந்தியது.

உங்கள் கையைப் பிடித்து நடந்தபோது அது குளிர்ந்து கிடந்தது. வாசலிலிருந்து பீடம்வரை நீங்கள் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தீர்கள். நீங்கள் பேசியது கையால் தெரிந்தது, என்ன சொன்னீர்கள் என்று தெரியவில்லை. நான் தலையை ஆட்டிக்கொண்டு வந்தேன். ஏச்சாக இருந்தால் அதுவும் சரிதான்.

பிறகு சுவாமி அத்தானிடம் கேட்டார். அத்தானின் வாய் அசைந்தது. அதன் பிறகு உங்களிடம் கேட்டார். நீங்கள் எனக்கு முதுகு காட்டி நின்றீர்கள், முக்காடும் இருந்தது. உங்கள் வாயை என்னால் பார்க்க முடியவில்லை. அத்தானின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தேத்தண்ணியில் சீனி இல்லாவிட்டால்கூடக் காட்டாத அந்த முகம் சட்டென்று சின்னப் பிள்ளையின் முகம்போல் ஆனது. நீங்கள் ஓம் என்று சொல்லிவிட்டீர்கள் என்று எனக்குத் தெரிந்தது. நான் கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்தது அதற்குத்தான். புகை பட்டது என்று உங்களுக்குச் சொன்னது பொய்.

எல்லாம் கண்டேன் அக்கா. ஒன்றுதான் எனக்கு மிச்சம். அந்த ஓம் என்பதை என்ன குரலில் சொன்னீர்கள்? மெதுவாகவா, கோயில் முழுக்கக் கேட்கவா, அழுதுகொண்டா? அத்தானிடமும் அம்மாவிடமும் கேட்டு, ஒன்றும் விடாமல் எழுதி அனுப்புங்கள்.

உங்கள் தம்பி
யோசேப்பு